ரோஸி மறுபடி கேட் வரைக்கும் நடந்தா: 12 வயசு நாயோட மூட்டு வலிக்கு எட்டு மாசமா வீட்ல செஞ்சு பாத்தது

நேத்து காலைல ஆறே காலுக்கு பால்காரர் பைக் சத்தம் கேட்டதும் ரோஸி அவளாவே எழுந்து, ஹாலைத் தாண்டி, வாசல் சாய்வுப் பலகைல இறங்கி, கேட் வரைக்கும் போய் ரெண்டு தடவ குரைச்சுட்டு திரும்பி வந்தா. யாரும் வயித்துக்கு அடியில துண்டு போட்டு தூக்கல, யாரும் கூப்பிடவும் இல்ல. அவ கடைசியா அப்படி போனது போன வருசம் தீபாவளிக்கு முன்னாடி. நான் பிரஷ்ஷை வாயில வெச்சுட்டு அப்படியே நின்னு பாத்துட்டு இருந்தேன். இந்த எட்டு மாசமா என்னென்ன செஞ்சேன், எதுல காசு போச்சு, எதுல அவ உடம்பே கெட்டுது, எது நிஜமா வேலை செஞ்சுதுன்னு ஒரு நோட்ல தேதி போட்டு எழுதிட்டே வந்தேன், அதைப் பாத்துதான் இதை எழுதறேன். வயசான நாய் வீட்ல இருக்கறவங்களுக்கு ஒரு மாச அலைச்சலாவது மிச்சமாகட்டும்.

ரோஸி லேப்ரடார், முழு ஜாதி இல்ல, கொஞ்சம் கலப்பு. 12 வயசு முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு. எங்க வீடு கோயம்புத்தூர்ல சிங்காநல்லூர் பக்கம். ஹால், ரூம் எல்லாம் பளபளன்னு விட்ரிஃபைட் டைல்ஸ், ஆறு வருசம் முன்னாடி பழைய தரையை எடுத்துட்டு ஆசை ஆசையா போட்டது. வாசல்ல மூணு படி. இந்த டைல்ஸையும் படியையும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

ஐப்பசி கடைசில மழை பிடிச்சப்போதான் முதல்ல தெரிஞ்சுது. படுத்து எழுந்திரிக்கறப்போ முன்னங்கால் ரெண்டையும் ஊனி, இடுப்பைத் தூக்க முடியாம ஒரு நிமிசம் அப்படியே உக்காந்திருப்பா. எழுந்ததும் முதல் பத்து அடி கட்டை மாதிரி நடப்பா, அப்புறம் சரியாயிடும். வலது தொடைப் பக்கம் ஒரே இடத்தை நக்கி நக்கி முடி செம்பட்டையாயிடுச்சு. வண்டிய எடுத்தா முன்னாடி ஓடி வந்து நிக்கறவ, படி முனைல வந்து நின்னு பாத்துட்டு திரும்பிப் போயிடுவா. நாங்க எல்லாரும் சொன்னது ஒரே வார்த்தை, வயசாயிடுச்சு. அந்த வார்த்தையை சொல்லிட்டு ஆறு வாரம் சும்மா இருந்தோம். இப்ப யோசிச்சா அந்த ஆறு வாரம் அவ வலியோடதான் இருந்திருக்கா, கத்தல, முனகல, அதனால வலி இல்லன்னு நினைச்சுட்டோம். நாய் மூட்டு வலிக்கு பெரும்பாலும் கத்தாது. வலிக்கற வேலைய செய்யறத நிறுத்திடும், அவ்வளவுதான். இதை மட்டும் நான் முன்னாடியே தெரிஞ்சு வெச்சிருக்கணும்.

அடுத்து செஞ்சது அதைவிட மோசம். அம்மா பாசத்துல முட்டிக்கு தேய்க்கற தைலத்தை ரோஸி இடுப்புல தேய்ச்சு விட்டாங்க. அவ உடனே அதை நக்கிட்டா, ராத்திரி முழுக்க வாயில நுரையும் வாந்தியும். கற்பூரம், மெந்தால், வின்டர்கிரீன் எண்ணெய் கலந்த எந்தத் தைலமும் நாய்க்கு ஆகாது. அது சரியானதும் நான் பண்ணின தப்பு. அப்பாவுக்கு முழங்கால் வலிக்கு எழுதிக் குடுத்த அசிக்ளோஃபினாக், பாரசிட்டமால் சேர்ந்த மாத்திரை வீட்ல இருந்துச்சு. பெரிய மனுசனுக்கு ஒண்ணுன்னா 35 கிலோ நாய்க்கு அரை சரியா இருக்கும்னு நானே கணக்குப் போட்டு, இட்லிக்குள்ள வெச்சு மூணு நாள் குடுத்தேன். முதல் நாள் நல்லா நடந்தா, எனக்கு ஒரே சந்தோசம். நாலாம் நாள் சாப்பிடல, மலம் தார் மாதிரி கருப்பா போச்சு. ஆட்டோல போட்டு தூக்கிட்டு ஓடினேன்.

டாக்டரம்மா ஈறைத் தூக்கிப் பாத்ததும் வெளுத்துப் போயிருந்துச்சு. வயித்துக்குள்ள புண்ணாகி ரத்தம் கசியுது, கருப்பா போறது அந்த ரத்தம்தான்னு சொன்னாங்க. மூணு நாள் டிரிப், வயித்துப் புண்ணுக்கு மருந்து, 2,850 ரூபா. காசை விடுங்க, அந்த மூணு நாளும் அவ மூஞ்சியப் பாக்க என்னால முடியல. டாக்டரம்மா திட்டல, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. "சார், நம்ம உடம்பு இதை ஒரு மாதிரி கழிக்கும், அது உடம்பு வேற மாதிரி, அரை மாத்திரை கால் மாத்திரைன்னு எடை பாத்து கணக்கு போட முடியாதுங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், பாரசிட்டமால், வீட்டு மாத்திரை டப்பாவுல இருக்கற எதையும் நாமளா குடுக்கக்கூடாது. (மாட்டுக்கு டைக்ளோஃபினாக் போடறதை 2006லயே தடை பண்ணிட்டாங்க, அந்த மாட்டோட பிணத்தைத் தின்ன கழுகெல்லாம் கூட்டம் கூட்டமா செத்துப் போனதால. அசிக்ளோஃபினாக்கையும் 2023ல தடை பண்ணியாச்சு. நமக்குப் பக்கத்துல மாயாறு பள்ளத்தாக்குல இன்னும் கூடு கட்டற பாறுக் கழுகுங்க மிச்சம் இருக்கு. ஒரு மருந்து ஒரு உடம்புக்கு நல்லது, இன்னொண்ணுக்கு எமன்னு எனக்கு அன்னிக்குதான் உறைச்சுது.)

வயிறு ஆறினதும்தான் ஒழுங்கான பரிசோதனை. முதல்ல ரத்தம். இது முக்கியம், ஏன்னா நம்ம ஊர்ல உண்ணிக் காய்ச்சல் வந்த நாயும் இதே மாதிரிதான் மூட்டு பிடிச்சு, எழுந்திரிக்க முடியாம கிடக்கும். அதுக்கு வைத்தியமே வேற. ரோஸிக்கு உண்ணிக் காய்ச்சல் இல்ல. கிட்னி, லிவர் ரெண்டும் பரவால்லை. அப்புறம் எக்ஸ்ரே. இடுப்பு மூட்டுல பந்து மாதிரி இருக்க வேண்டிய எலும்பு வலது பக்கம் தட்டையாகி, ஓரமெல்லாம் முள்ளு முள்ளா எலும்பு வளர்ந்திருந்துச்சு. அந்தப் பந்து உக்கார்ற கிண்ணமும் ஆழமா இல்ல. சின்ன வயசுல இருந்தே இடுப்பு மூட்டு சரியா பொருந்தாம இருந்திருக்கு, லேப்ரடாருக்கு அது சகஜம், தசை பலத்துல இவ்வளவு நாள் ஓட்டியிருக்கா, இப்ப தசை குறையவும் வலி வெளிய வருதுன்னு சொன்னாங்க. தேஞ்ச குருத்தெலும்பு திரும்ப வளராது. வலியக் குறைக்கலாம், தசையக் காப்பாத்தலாம், எடையக் குறைக்கலாம், வீட்டை மாத்தலாம். அந்த நாலாவதை அவங்க சொன்னப்போ நான் சரியா காதுல வாங்கல.

வயித்துப் புண்ணு முழுசா ஆற மூணு வாரம் காத்திருந்தோம். அது வரைக்கும் கேபாபென்டின்னு வேற வகை வலி மருந்து, அதுல கொஞ்சம் தள்ளாடினா, நிறைய தூங்கினா. அப்புறம் பொங்கல் கழிச்சு நாய்க்குன்னே வர்ற மெலாக்ஸிகாம்ங்கற வலி சிரப். எடைக்குத் தகுந்த அளவு டாக்டரே சிரிஞ்சுல கோடு போட்டுக் குடுத்தாங்க. வயிறு நிறைய சாப்பிட்டப்புறம்தான் குடுக்கணும், சாப்பிடலன்னா அன்னிக்கு மருந்து கிடையாது, வேற எந்த டாக்டராவது ஸ்டீராய்டு ஊசி போடறேன்னா இது ஓடுதுன்னு முன்னாடியே சொல்லணும், மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் பாக்கணும். சுவத்துல எழுதி ஒட்டி வெச்சிருக்கேன்.

மருந்து வேலை செஞ்சுது. ஒரு வாரத்துல நக்கறது குறைஞ்சுது, ராத்திரி மூச்சு வாங்கறது நின்னுது. ஆனா எழுந்து நடக்கறது மட்டும் அப்படியேதான். தண்ணிக் கிண்ணம் எட்டு அடி தள்ளி இருக்கு, எழுந்து போக மாட்டா, நாங்க கொண்டு போய் குடுத்தா குடிப்பா. எனக்கு ஒண்ணும் புரியல, மருந்தைக் கூட்டணுமோன்னு நினைச்சேன். நல்ல வேளை கூட்டச் சொல்லிக் கேக்கறதுக்கு முன்னாடி டாக்டருக்கு அனுப்பலாம்னு போன்ல ஸ்லோமோஷன்ல வீடியோ எடுத்தேன்.

அந்த வீடியோவை நான் இருபது தடவையாவது பாத்திருப்பேன். வாசல் சிமெண்ட் தரைல மெதுவா ஆனா நேரா நடந்து வர்றா. டைல்ஸ் ஆரம்பிக்கற கோட்டுல வந்ததும் நிக்கறா. முன்னங்காலை வெக்கறா, விரல் நாலும் விரியுது, நகம் நாலும் டைல்ஸைப் பிடிக்கப் பாத்து கீறிட்டே வழுக்குது. பின்னங்கால் ரெண்டும் காம்பஸ் மாதிரி மெல்ல மெல்ல விரிஞ்சுட்டே போகுது. அப்படி விரியறது நேரா அந்த இடுப்பு மூட்டைத்தான் பிடிச்சு இழுக்குது. அவ மூணாவது அடி வெக்கவே இல்ல, அப்படியே உக்காந்துட்டா. பாதி வலி, பாதி பயம். பயத்துக்கு சிரப் கிடையாது. ஆறு வருசமா நான் பெருமையா துடைச்சுத் துடைச்சு வெச்ச தரைதான் அவளுக்கு ஐஸ் கட்டி.

தரைக்கு முதல்ல வாங்கினது தேங்கா நார் மிதியடி மூணு, 1,050 ரூபா. நாரு மேல கால் பிடிச்சுது, ஆனா மிதியடியே டைல்ஸ் மேல சறுக்கிட்டுப் போய் அவளை சுவத்துல முட்ட வெச்சுது, அதுக்கப்புறம் ரெண்டு நாள் அந்தப் பக்கமே வரல. அடுத்து அடியில ரப்பர் புள்ளி வெச்ச நாய் சாக்ஸ், 480. முதல் நாள் நல்லா இருந்துச்சு, மூணாம் நாள் சாக்ஸ் திரும்பி புள்ளியெல்லாம் காலுக்கு மேல வந்துடுச்சு, உள்ள வேர்த்து விரல் இடுக்கெல்லாம் சிவந்துடுச்சு. அப்புறம் குழந்தைங்க ரூம்ல போடற கோத்து மாட்டற ஃபோம் பாய், 1,800. அது வழுக்கல, ஆனா மெத்துனு அமுங்கறதால கால் தடுக்குது, ஒரு நாள் ராத்திரி ஒண்ணுக்கு போனது கோத்த இடுக்குல எல்லாம் இறங்கி, தூக்கிப் பாத்தா அடியில நாத்தம்.

கடைசியா டவுன்ஹால் பக்கம் மிதியடி, ரெக்ஸின் விக்கற கடைல வரி வரியா கோடு போட்ட கருப்பு ரப்பர் ஷீட் கிடைச்சுது. பஸ்ல, ஆபீஸ் படிலல்லாம் போடுவாங்களே அதுதான். மூணு மில்லி கனம், ரெண்டடி அகலம், அடி 95 ரூபா. வீட்டை முழுசா மூட வேண்டியதில்ல, அவ போற வழிய மட்டும் போட்டா போதும். ரெண்டு நாள் அவ எங்கெங்க போறான்னு சாக்பீஸ்ல தரைல கோடு போட்டேன். படுக்கைல இருந்து தண்ணி, தண்ணில இருந்து சமையக்கட்டு வாசப்படி, அங்கிருந்து முன் வாசல். மொத்தம் 31 அடி, 2,945 ரூபா. முதல்ல துண்டு துண்டா வெட்டி டபுள் சைடு டேப் ஒட்டினேன், அம்மா மாப் போட்டதும் தண்ணி இறங்கி டேப் வழவழன்னு ஆகி கழண்டுடுச்சு. அப்புறம் ஒரே நீளமா போட்டு, மூலையெல்லாம் சோபா காலுக்கும் டைனிங் டேபிள் காலுக்கும் அடியில குடுத்துட்டேன். அசையவே இல்ல. வாரம் ஒரு தடவ சுருட்டி வெளிய எடுத்து சோப்புத் தண்ணில கழுவி வெயில்ல போடறேன், புது ரப்பர் நாத்தம் போக முன்னாடியே ரெண்டு நாள் மாடில காய வெச்சா நல்லது.

போட்ட அன்னிக்கு சாயங்காலம் ஒரு விசயம் நடந்துச்சு. ரோஸி அதை மோந்து மோந்து பாத்துட்டு மேல ஏறி நின்னா. நாலு காலும் நேரா நின்னுச்சு. திடீர்னு தலைல இருந்து வால் நுனி வரைக்கும் படபடன்னு உடம்பை ஒரு உதறு உதறினா, காது ரெண்டும் பட்டு பட்டுன்னு அடிக்க. அப்பாதான் முதல்ல கவனிச்சாரு. "கண்ணு, பாரு, உதறறா பாரு"ன்னாரு. அப்பதான் எனக்கு உறைச்சுது, குளிப்பாட்டினா கூட அவ ரெண்டு மூணு மாசமா உதறல. உதறினா விழுந்துடுவோம்னு அதையே விட்டுட்டிருக்கா.

இதோட சேத்து காலையும் சரி பண்ணினேன். பாதத்துக்கு அடியில விரல் இடுக்குல முடி வளர்ந்து மெத்தையவே மூடியிருந்துச்சு, சின்ன டிரிம்மர் வெச்சு மட்டமா எடுத்ததும் பிடிப்பு நல்லா வந்துச்சு. நகம் ரொம்ப நீளம். நடக்காததால தேயல, நீளமா இருந்தா பாதம் பின்னாடி சாஞ்சு மூட்டுக்கு இன்னும் பாரம். கருப்பு நகம், உள்ள ரத்தக்குழாய் எங்க முடியுதுன்னு தெரியாது. முதல் தடவ அவசரப்பட்டு ஒரே நாள்ல குட்டையாக்கப் பாத்து ரத்தம் வந்துடுச்சு, கார்ன்ஃப்ளார் வெச்சு அஞ்சு நிமிசம் அழுத்திப் பிடிச்சேன். வாரா வாரம் ரெண்டு மில்லி மட்டும் எடுத்தா உள்ள இருக்கற குழாயும் மெல்லப் பின்னாடி போகும். ரெண்டு மாசம் ஆச்சு சரியான நீளத்துக்கு வர.

அடுத்து வாசப்படி. மூணு படி, ஒவ்வொண்ணும் ஆறரை இஞ்ச், மொத்தம் 19.5 இஞ்ச். பழைய அலமாரிப் பலகை நாலடி இருந்துச்சு, அதை சாச்சு வெச்சு 400 ரூபாய்க்கு கார்ப்பெட் வாங்கி ஒட்டினேன். போன்ல சாய்வு பாத்தா 24 டிகிரி. மேல நின்னு கீழ பாத்தா எனக்கே சறுக்கு மரம் மாதிரிதான் இருந்துச்சு. இழுத்துட்டுப் போகப் பாத்தேன், உக்காந்துட்டா. சாரல் அடிச்சு கார்ப்பெட் நனைஞ்சு ஒரு வாரம் காயவே இல்ல, நாத்தம் வேற.

எங்க தெரு ஆசாரி வந்து பாத்துட்டு சொன்னாரு, "ஏனுங் தம்பி, சக்கர நாற்காலிக்கு எப்படி போடறாங்க, ஒரு அடி உசரத்துக்கு பன்னெண்டு அடி நீளம், அந்தக் கணக்குக்கு வந்தா நல்லதுங்க." அப்படிப் போட்டா எனக்கு 19.5 அடி வேணும், வாசல்ல இருந்து கேட்டுக்கே 11 அடிதான், அதுல வண்டியும் நிக்கணும். நாய்க்கு நாலு கால் இருக்கறதால அவ்வளவு படுக்கையா வேண்டியதில்ல, எட்டடிக்கு முடிவு பண்ணினோம். 18 மில்லி வாட்டர்ப்ரூஃப் பிளைவுட், எட்டுக்கு ரெண்டு, அரை ஷீட்டா வெட்டிக் குடுத்தாங்க, 1,360. அடியில ரெண்டு பக்கமும் ரீப்பர் கட்டை 420, ஸ்க்ரூ சில்லறை 150, மேல அதே ரப்பர் ஷீட் எட்டடி 760, ஆசாரி கூலி 800. மொத்தம் 3,490. சாய்வு 12 டிகிரிக்கு கொஞ்சம் கம்மி. ரெண்டு ஓரத்துலயும் மூணு இஞ்ச் உசரத்துக்கு சட்டம் அடிச்சோம், கால் வெளிய இறங்காம இருக்க. குறுக்கால சட்டம் அடிக்கலாமான்னு ஆசாரி கேட்டாரு, வேண்டாம்னுட்டேன், அவளுக்குக் காலைத் தூக்கி வெக்கறதே கஷ்டம், சட்டம் இருந்தா விரல் இடிக்கும்.

அப்படியும் அவ ஏறல. பாதி வரைக்கும் வந்து நின்னுடுவா. மூணு நாள் ஆச்சு எனக்குப் புரிய. அவ 33 கிலோ பலகை நடுவுல வந்ததும் பலகை லேசா வளைஞ்சு டொம்முனு ஒரு சத்தம். நான் உள்ளங்கைய வெச்சு அமுக்கிப் பாத்தேன், கால் இஞ்ச் அமுங்குது. நடுவுல ரெண்டு செங்கல் வெச்சு, மேல பழைய சைக்கிள் டியூபை மடிச்சு வெச்சு இறுக்கமா முட்டுக் குடுத்தேன். தரைல முட்டற முனைக்கும் டியூப் துண்டு. சத்தம் போச்சு, அசைவும் போச்சு. அப்புறம் செங்கலை எடுத்துட்டு பலகையை மட்டும் வெறும் தரைல போட்டு மூணு நாள் அது மேலயே சாப்பாடு வெச்சேன், நாலாம் நாள் ஒரு படி உசரம், ஒரு வாரம் கழிச்சு முழு உசரம், ஒவ்வொரு அடிக்கும் வேகவெச்ச கோழி ஈரல் ஒரு சின்னத் துண்டு. பத்து நாள்ல ஏறிட்டா. இறங்கறதுக்கு இன்னும் ரெண்டு வாரம். ஏறறதை விட இறங்கறதுதான் பயம் அவளுக்கு.

படுக்கை. இலவம்பஞ்சு மெத்தை வெச்சேன், ஒரு மாசத்துல நடுவுல குழி விழுந்து இடுப்பு எலும்பு தரைல படுது. 900 ரூபாய்க்கு ஃபோம் பெட் வாங்கினேன், மெத்து மெத்துனு இருந்துச்சு, அதுதான் தப்பு, அதுல இருந்து எழுந்திரிக்க அவளால ஊனவே முடியல. சோபா தைக்கற கடைல கேட்டப்போ தூள் ஃபோமை அமுக்கி செஞ்ச ரீபாண்டட் ஃபோம் குடுத்தாங்க, கனமா கெட்டியா இருக்கும். நாலு இஞ்ச் உசரம், மூணரைக்கு ரெண்டரை அடி, ரெக்ஸின் உறை தைச்சு 1,650. மேல அம்மாவோட பழைய காட்டன் புடவை நாலா மடிச்சு விரிக்கறோம், தினம் மாத்தலாம். முழங்கைல காய்ப்பு புண்ணாகிட்டு இருந்தது ஆறிடுச்சு.

எடைதான் வீட்டுக்குள்ள பெரிய சண்டை. டிசம்பர்ல 34.6 கிலோ. வீட்டு மெஷின்ல நிக்க மாட்டா, தெரு முனை பழைய பேப்பர் கடை பிளாட்பார்ம் தராசுல நிக்க வெச்சுதான் பாத்தோம், அண்ணன் காசே வாங்க மாட்டாரு. 29க்கு கீழ வரணும்னு டாக்டர் சொன்னாங்க. சாப்பாடு கம்மியாத்தான் போடறோமேன்னு நாங்க நினைச்சுட்டிருந்தோம், ஒரு நாள் முழுக்க அவ வாய்க்குள்ள போறதெல்லாம் எழுதிப் பாத்தா, அப்பா டீயோட குடுக்கற பிஸ்கட் மட்டும் பதினொண்ணு. "பாவம் கண்ணு, அது கேக்குது"ன்னாரு. நான் கோவமா பேசிட்டேன், பேசியிருக்கக் கூடாது. அப்புறம் அவர் முழங்காலைக் காட்டி, உங்களுக்கு டாக்டர் எடை குறைக்கச் சொன்னாருல்ல, அதே வலிதாங்க அப்பா இவளுக்கும்னு சொன்னதும் ஒண்ணும் பேசல. அடுத்த நாள்ல இருந்து பிஸ்கட் டப்பால வேகவெச்ச பீன்ஸும் பரங்கிக்காய் துண்டும்தான். அவளுக்கு அவர் கையால வாங்கித் தின்னா போதும், எதுன்னு கவலையில்ல. சோறு பாதியாச்சு, கோழியும் முட்டையும் அப்படியே, தசை குறையக்கூடாதுன்னு. வாரம் ரெண்டு நாள் மத்தி மீன், உப்பு மசாலா இல்லாம ஆவில வெச்சு. போன வாரம் 29.3. ஏழு மாசத்துல அஞ்சே கால் கிலோ. மாசம் முக்கால் கிலோ கணக்குல மெதுவா குறைஞ்சதாலதான் சோர்ந்து போகாம இருந்தா.

குளுக்கோசமைன் மாத்திரை மூணு மாசம் குடுத்தோம், மாசம் 1,150. வீடியோ எடுத்து வெச்சு ஒப்பிட்டுப் பாத்தேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல, நிறுத்தினப்பவும் தெரியல. மீன் எண்ணெய் டாக்டர் சொன்ன அளவுல இன்னும் ஓடுது, அதை நிறுத்த மாட்டேன், முடியே பளபளன்னு ஆயிடுச்சு.

நடை விசயத்துல ஒரு தப்பு பண்ணினேன். வாரத்துல நேரம் கிடைக்காம பத்து நிமிசம், ஞாயித்துக்கிழமை சேத்து வெச்சு குளத்துக்கரைல முக்கால் மணி நேரம். நல்லாத்தான் வந்தா, வாலை ஆட்டிட்டே. திங்கள்கிழமை எழுந்திரிக்கவே இல்ல, துண்டு போட்டு தூக்கினோம். இப்ப தினமும் மூணு தடவ, பன்னெண்டு நிமிசம், மண் தரைல, ஞாயித்துக்கிழமையும் அதேதான். வெளிய கிளம்பறதுக்கு முன்னாடி வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்ச துண்டை இடுப்புல பத்து நிமிசம் ஒத்தடம். என் மணிக்கட்டு உள்பக்கத்துல வெச்சு சூடு தாங்குதான்னு பாத்துட்டுதான் அவளுக்கு வெப்பேன். வலது தொடைய உள்ளங்கையால மெல்ல உருவி விடுவேன், எங்க சுண்டுதோ அங்க அழுத்த மாட்டேன். சாப்பாட்டுக்கு முன்னாடி உக்கார வெச்சு எழுப்பறது அஞ்சு தடவ, ரப்பர் ஷீட் மேல மட்டும். டேப் வெச்சு தொடைச் சுத்தளவு மாசா மாசம் அளக்கறேன், வலது தொடை மார்ச்ல 31 செமீ, இப்ப 32.5. இடது 35. இன்னும் இருக்கு.

எல்லாம் சரியாயிடல. மழை வந்தா அன்னிக்கு கஷ்டம்தான். மொட்டை மாடி இனி அவளுக்கு இல்ல. சில ராத்திரி எழுந்து இடம் மாத்தி மாத்தி படுப்பா, நோட்ல அதுக்கு ஒரு புள்ளி வெக்கறேன், ஒரு வாரத்துல மூணு புள்ளி வந்தா டாக்டருக்கு போன் பண்ணுவேன்.

கணக்குப் பாத்தா வீணாப் போனது, அந்த மாத்திரையால ஆன ஆஸ்பத்திரி செலவையும் சேத்து, 10,930 ரூபா. நின்னு வேலை செய்யற ரப்பர், பலகை, படுக்கை மூணும் சேந்து 8,085. மருந்து, பரிசோதனை தனி. மறுபடி முதல்ல இருந்து செய்யணும்னா, எழுந்திரிக்க ஒரு வாரம் தொடர்ந்து கஷ்டப்பட்டா அன்னிக்கே ரத்தமும் எக்ஸ்ரேயும். அதே நாள் சாயங்காலம் ரப்பர் ஷீட். மருந்து வேலை செய்யட்டும் அப்புறம் தரையப் பாக்கலாம்னு நான் ஒரு மாசம் தள்ளினேன், அந்த ஒரு மாசம் அவ நடக்காம தசைதான் போச்சு. ரேம்ப்புக்கு ரீப்பரை ரெண்டு ஓரத்துல மட்டும் அடிக்காம நடுவுலயும் ஒண்ணு அடிச்சிருந்தா செங்கலே வேண்டியதில்ல. பிளைவுட்டோட வெட்டின ஓரத்துக்கு பெயின்ட் அடிக்காம விட்டுட்டேன், ஆடிச் சாரல்ல கீழ் முனை உப்ப ஆரம்பிச்சிருக்கு.

பின் வாசல்ல ஒரே படி, எட்டு இஞ்ச், துணி காயப்போடப் போறப்போ அம்மா பின்னாடியே போகணும்னு அங்க வந்து நின்னு எட்டி எட்டிப் பாக்கறா. அரை ஷீட்ல மிச்சம் இல்ல, அந்தப் பழைய நாலடிப் பலகைய எடுத்து அளந்தேன், இந்த உசரத்துக்கு பத்து டிகிரிதான் வருது. ரீப்பர் மூணு வாங்கியாச்சு, ஓரத்துக்கு பெயின்ட் நேத்து ராத்திரி அடிச்சு மாடில காயுது, ஞாயித்துக்கிழமை காலைல ஆசாரி வர்றாரு.